டேங்குக்குக் கீழே இரண்டு கம்பிகள்

அந்தக் கம்பிகளை அறுக்கச் சொன்னது நான்தான். அண்ணன் அசாருதீன் மேல் பழியைப் போடலாம். கட்டிங் மெஷின் அவன் கையில்தான் இருந்தது. ஆனால் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் அறுத்தான்.

அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். சவுதியில் வேலை பார்க்கும் அத்தா லீவில் வருகிறார் என்று தெரிந்ததும் நாங்கள் ஒரு முடிவு எடுத்தோம். வீட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த அவருடைய பழைய பைக்கைப் புதுசாக்கி, அவர் கண் முன்னால் நிறுத்த வேண்டும். அத்தா கடைசியாகச் சவுதிக்குப் போனதிலிருந்து மூன்றரை வருஷமாக யாரும் தொடாத வண்டி. சீட்டுக்குள் எலி ஒன்று குடும்பமே நடத்திக்கொண்டிருந்தது.

அண்ணன் பதினொன்றாம் வகுப்பு. போனில் நாலு வீடியோ பார்த்தால் பெரிய மெக்கானிக் என்று நினைப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவன் இன்ஜினைக் கழற்றுவான். நான் உப்புத்தாளால் துருவைத் தேய்ப்பேன். மூன்று வயது தம்பி ரபீக் நட்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போடுவான். போட்டதைக் கொட்டுவதும் அவன்தான்.

இப்படி இரண்டு மாதம். மட்கார்டை வெட்டிச் சின்னதாக்கினோம். அருப்புக்கோட்டைக்குப் போய் உருண்டை லைட் வாங்கி வந்தோம். வண்டி முழுக்க மயில்நீலப் பெயிண்ட். எல்லாம் வீடியோவில் பார்த்த மாதிரியே வந்தது. அந்த இரண்டு கம்பிகள் மட்டும் இன்ஜினுக்கு முன்னால், பக்கத்துக்கு ஒன்றாக நீட்டிக்கொண்டிருந்தன.

"ஏ ஜன்னத், இது ஒனக்கு வச்சதுதான?" என்று அண்ணன் கேட்டான்.

எனக்கு வைத்ததுதான். சின்னப் பிள்ளையில் என்னை டேங்க் மேல் உட்காரவைத்துத்தான் அத்தா ஊர் சுற்றுவார். என் கால் சூடான இன்ஜினில் பட்டுவிடாமல் இருக்க, கால் வைத்துக்கொள்வதற்காக, வெல்டிங் கடை காளிராஜ் அண்ணனிடம் சொல்லி வைத்த கம்பிகள்.

"நாந்தான் வளந்துட்டேன்ல. அசிங்கமா நிக்கிது. அறுத்துரு," என்றேன்.

அத்தா வந்த அன்று ரபீக்கைத் தூக்கக் கை நீட்டினார். அவன் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"இவுக யாரு, சொல்லு பாப்போம்," என்றார் அம்மா.

"தெரியாது. எங்க அத்தா போன்ல இருக்காக."

எல்லோரும் சிரித்தோம். அத்தாவும் சிரித்தார். பிறகு முகம் கழுவப் போனவர் திரும்பி வர வெகுநேரம் ஆனது.

வண்டியை மூன்று முறை சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நீங்களா செஞ்சீக? நம்பவே முடியலையே," என்று ஏறி உட்கார்ந்தார். டேங்கைத் தட்டி, "ஏறு ஜன்னத்," என்றார். நான் அவர் தோள் உயரம் இருக்கிறேன் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டார். அவர் கை தானாகக் கீழே போய்த் தடவியது.

"இங்கன ரெண்டு கம்பி இருந்துச்சே?"

"அறுத்துட்டோம்த்தா," என்றான் அண்ணன்.

"சரி சரி. வண்டி நல்லாத்தான் இருக்கு." வாய் அப்படிச் சொன்னது. முகம் சொல்லவில்லை.

ரபீக் அத்தாவிடம் போகவில்லையே தவிர, அவனால் வண்டியை விட முடியவில்லை. ஐந்தாம் நாள் அவனே வந்து, ஏற்றிவிடு என்பது போலக் கையைத் தூக்கினான். அத்தா முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அவனை டேங்க் மேல் உட்காரவைத்துப் பைய ஓட்டிக்கொண்டு பள்ளிவாசல் வரை போனார். திரும்பும்போது தொங்கிய கால் இன்ஜினில் பட்டுவிட்டது.

கணுக்காலில் கொப்புளம். அவன் அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. அன்றிலிருந்து அத்தாவைக் கண்டாலே காலை மறைத்துக்கொண்டான். அத்தா பொம்மைக் கார் வாங்கி வந்தார். அதை வாங்கிக்கொண்டும் ஒளிந்தான்.

"ஏந் தப்புதான் ஹலீமா. நாந்தான் பாத்து ஓட்டிருக்கணும்," என்று அத்தா அம்மாவிடம் சொல்வது என் காதில் விழுந்தது.

அவர் தப்பு இல்லை. கம்பி இருந்திருந்தால் கால் அதன் மேல் இருந்திருக்கும். எனக்கு வேண்டாம் என்று மட்டும்தான் யோசித்தேன். எனக்குப் பின்னால் ஒருவன் பிறந்திருக்கிறான் என்று யோசிக்கவே இல்லை. சொல்லிவிடலாம் என்று கிட்டே போவேன். சொல்லாமலே திரும்பிவிடுவேன். நாற்பது நாள் லீவில் இருபத்தைந்து நாள் முடிந்துவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல்தான் கோபம் வருகிறது.

இருபத்தாறாம் நாள் கம்பிகளைத் தேடினேன். ஒன்று கோழிக்கூட்டுக்குத் தாழ்ப்பாளாக இருந்தது. அம்மாவின் வேலை. இன்னொன்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் நானே எறிந்திருந்தேன். சீமைக்கருவேல முள்ளுக்குள் புகுந்து அதையும் எடுத்தேன். கை முழுக்கக் கீறல்.

"வெல்டிங் வச்சா பெயிண்ட் கருகிப்போகும். ரெண்டு மாச வேல," என்றான் அண்ணன்.

"கருகட்டும்ணே."

அவன் என் கையைப் பார்த்தான். "எனக்கும் அன்னையிலருந்து மனசே சரியில்ல. வா போவோம்," என்றான்.

வண்டியை வெல்டிங் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். காளிராஜ் அண்ணன் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "வச்சதும் நானு. அறுக்க மெஷின் குடுத்ததும் நானு. இப்ப திரும்ப வைக்கணுமாக்கும்? வெளங்கிரும். மொதல்ல டேங்க கழட்டித் தூரமா வைங்க, பெட்ரோலு இருக்கு."

கம்பிகள் ஏறின. சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்கு மயில்நீலம் கருகிப்போனது.

வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் அத்தா நின்றிருந்தார். நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். "அத்தா, அறுக்கச் சொன்னது நாந்தான். அதனாலதான் தம்பிக்குச் சுட்டுச்சு."

அத்தா குத்துக்காலிட்டுக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒனக்கு நான் வச்சேன்," என்றார். "இவனுக்கும் நாந்தான் வச்சிருக்கணும். நான் இங்க இல்லையே தாயி."

சாயங்காலம் வரை வண்டியை வேப்பமரத்தடியில் ஆறவிட்டோம். பிறகு ரபீக்கின் கையைப் பிடித்து இன்ஜினைத் தொடவைத்தேன். சுடவில்லை. தூக்கி டேங்க் மேல் வைத்து, இரண்டு பாதத்தையும் கம்பிகளில் பொருத்தினேன். அத்தா கிட்டே வராமல் தள்ளியே நின்றார். ரபீக் தன் காலைப் பார்த்தான். பிறகு அத்தாவைப் பார்த்தான்.

"சுடுமா?" அத்தாவிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"சுடாது. கால கம்பியிலயே வச்சிருக்கணும்."

"அப்ப வாங்க."

அன்று அத்தா இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே இல்லை. தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டே போய், தள்ளிக்கொண்டே வந்தார். மறுநாள் ஸ்டார்ட் செய்தார். மிச்சமிருந்த எல்லாச் சாயங்காலமும் இரண்டு பேரையும் வீட்டில் பார்க்க முடியவில்லை.

அத்தா சவுதிக்குப் போவதற்கு முந்தின நாள் எனக்கு ஓர் ஆசை வந்தது. ஒரே ஒரு தடவை முன்னால் உட்கார வேண்டும். வண்டி வாசலில் நின்றபோது மெல்ல டேங்க் மேல் காலைப் போட்டேன். எங்கிருந்தோ ஓடிவந்து ரபீக் என் பாவாடையைப் பிடித்து இழுத்தான்.

"நீ பின்னாடி உக்காரு. இது எங்க அத்தா வண்டி."

அத்தா வண்டிச் சாவியைத் தேடுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாவி வண்டியில்தான் இருந்தது.

"எனக்கும் அத்தாதாண்டா," என்று சொல்லிவிட்டு, நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.