பந்து இல்லாத ஆட்டம்

பந்தைக் காணவில்லை.

கண்ணாடிச் சுவரை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்த விளையாட்டு வாத்தியார், கீழே பள்ளத்தில் விரிந்து கிடந்த புல்தரையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கண்ணால் துழாவிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து துழாவினார். பந்து இல்லை. வலை இல்லை, கம்பம் இல்லை, நடுவர் என்று ஒருவரும் இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாகச் சுண்ணாம்பில் போட்ட மூன்று வளையங்கள். அவற்றின்மேல் ஆணும் பெண்ணுமாகச் சிலர், சாம்பல் நிறத்தில் ஒரே மாதிரி நீண்ட அங்கி போட்டுக்கொண்டு ஓடினார்கள். இதைப் பார்க்கத்தான் இவ்வளவு பெரிய வீட்டில் இவ்வளவு பேர் நல்ல துணி உடுத்தி வந்து, கையில் கோப்பையோடு நின்று, அவ்வப்போது எல்லோரும் ஒரே சமயத்தில் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர் யாரையும் கேட்கவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதியே தலை நரைத்தவர் அவர். எந்த ஆட்டமானாலும் சற்று நேரம் பார்த்தால் விதி பிடிபட்டுவிடும் என்று ஊரில் அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவராகச் சொல்லிக்கொண்டதில்லை, சொன்னவர்களை மறுத்ததும் இல்லை. இது மாப்பிள்ளையின் முதலாளி வீட்டு விருந்து. பெண்ணைக் கொடுத்தவன் நாலு பேர் நடுவே அசட்டுச் சிரிப்போடு ‘இது என்ன ஆட்டம்?’ என்று கேட்டால், அந்த அசடு அவரோடு போகாது. நாளைக்கு அவர் விமானம் ஏறிவிடுவார். மகள் இங்கேதான் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும்.

“புரியுதா மாமா?” மாப்பிள்ளை பழரசக் கோப்பையை நீட்டியபடி கேட்டார்.

“ஏன், எனக்குப் புரியாதா?”

“சேச்சே, அப்படிச் சொல்லலை.” மாப்பிள்ளை நெற்றியைத் துடைத்துக்கொண்டார். குளிர்காலம். கண்ணாடியில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். ஆனாலும் அவருக்கு வியர்த்திருந்தது.

மகள் வந்து நாற்காலிக் கையில் தொற்றிக்கொண்டாள். “இந்நேரம் யார் யார் எப்படித் தப்பா ஓடுறாங்கன்னு கணக்கெடுத்திருப்பீங்களே அப்பா?”

“வெளி வளையத்துல அந்தக் குட்டையான ஆள். பாதத்தை அகட்டி வெக்கிறான்.”

“பாத்தீங்களா! கடல் தாண்டி வந்தும் விடமாட்டேங்கறீங்க. நான் கப்பு வாங்கினப்ப என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? ஊரே என்னைத் தூக்கிவெச்சு ஆடுது, நீங்க வந்து, ‘கடைசி வளைவுல தோள் ஏறிடுச்சு’ன்னீங்க.”

“ஏறினது ஏறினதுதானே.”

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். பெற்ற பிள்ளையை முகத்துக்கு நேரே புகழ்வது அவர் வீட்டு வழக்கமில்லை. அவர் தகப்பனாரும் அவரைப் புகழ்ந்ததில்லை.

பக்கத்து நாற்காலியில் ஒருவர் இருந்தார். வந்தவுடனே மாப்பிள்ளை அறிமுகப்படுத்தியிருந்தார்: இவரும் நம் பாஷைக்காரர், ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், பையனைப் பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்டார். கும்பிட்டபோதே வாத்தியார் அவருடைய உள்ளங்கைகளைக் கவனித்தார். தோல் தடித்து, வெடித்து, விரிசல்களில் மருந்து பூசி, ஒரு கையில் துணி சுற்றியிருந்தது. கண்ணாடி துடைத்த கை இப்படி ஆகாது.

“பையன் வரலையா?” என்று வாத்தியார் பேச்சுக் கொடுத்தார்.

“அதோ.” கடைக்காரர் கீழே காட்டினார். கண்ணை மைதானத்திலிருந்து எடுக்கவில்லை. “நடு வளையம். உயரமா இருக்கான் பாருங்க.”

“அப்படியா! நல்ல ஓட்டம். கால் வீச்சு பிரமாதம்.”

“ஓடுவான்.”

விதியைக் கேட்காமல் விதியைக் கறக்க வாத்தியாருக்குத் தெரியும். “இன்னிக்கு யார் ஜெயிப்பாங்கன்னு நினைக்கிறீங்க?”

“ஜெயிக்கிறதா?” கடைக்காரர் தலையை மெல்ல ஆட்டினார். “நீங்க நல்லா தமாஷ் பண்றீங்க சார்.”

அவர் சிரிக்கவில்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. புல்தரையின் பச்சை கறுக்கக் கறுக்கச் சுண்ணாம்புக் கோடுகள் மட்டும் வெளுத்துத் தெரிந்தன. அறைக்குள் மெழுகும் ஈரக் கம்பளியும் கலந்த ஒரு வாசனை, அதற்கு அடியில் புதிதாகத் தோண்டிய மண்ணின் வாசனை, இத்தனை கண்ணாடியும் அடைத்திருக்க அது எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் மூக்கில் வந்து வந்து போனது. கைதட்டல் எழுந்தது. கீழே ஓடியவர்கள் எல்லோரும் சட்டென்று திசை மாறினார்கள். சற்றுப் பொறுத்து மறுபடி கைதட்டல். மறுபடி திசை மாறினார்கள்.

வாத்தியார் நெற்றியைச் சுருக்கினார். எந்த ஊரிலும் ஆட்டக்காரன் ஏதாவது செய்வான், பிறகு கை தட்டுவார்கள். இங்கே கைதட்டல் முந்திக்கொண்டது.

அப்போதுதான் அவர், பிள்ளைகளுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடத்தின்படி, ஆட்டக்காரர்களின் நெஞ்சைப் பார்த்தார். காலைப் பார்க்காதே, மூச்சைப் பார் என்பது அந்தப் பாடம். புல்தரையின் ஓரத்தில் ஒரு தோட்டக்காரன் சருகு வாரிக்கொண்டிருந்தான். அவன் வாயிலிருந்து ஒவ்வொரு மூச்சுக்கும் வெள்ளைப் புகை கிளம்பியது. மதியம் காரிலிருந்து இறங்கியபோது அவருக்கே அப்படிக் கிளம்பியிருந்தது. ஆனால் வளையங்களில், அவர் வந்ததிலிருந்து ஒரு கணமும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தவர்களின் வாயருகே எதுவும் இல்லை. நெஞ்சு ஏறி இறங்கவில்லை. தோள் அசையவில்லை. துணிக்கடை பொம்மைக்குக் கால் மட்டும் முளைத்த மாதிரி.

வயதாகிவிட்டது, கண் மங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். அப்படியேதான் இருந்தது.

கண்ணை எடுத்து அறையைப் பார்த்தார். நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் நடுவயதுக்காரர்கள், பேசிக்கொண்டும் தின்றுகொண்டும் இருந்தார்கள். கண்ணாடியை ஒட்டி வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் மட்டும் வயதானவர்கள். ஒருவரும் தின்னவில்லை. ஒருவரும் பேசவில்லை. எல்லோருடைய மடியிலும் தடித்த, வெடித்த, துணி சுற்றிய கைகள்.

வரிசையின் கடைசியில் ஒரு கிழவி இருந்தாள். அவள் தலை மெல்ல மெல்லச் சாய்ந்தது. அடுத்த கைதட்டல் எழுந்தபோது அவள் கைகள் எழவில்லை. தூங்கிப்போயிருந்தாள்.

கீழே, உள் வளையத்தில், ஒருத்தி நின்றாள்.

மற்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். களைத்து உட்காரப்போகிறாள் என்று வாத்தியார் நினைத்தார். ஆமாம், குட்டையாகிறாள். மண்டியிடுகிறாள். இல்லை, முழங்கால் மடங்கவே இல்லை. நேராகத்தான் நின்றாள். இடுப்புவரை புல். பிறகு மார்புவரை புல். தலைமுடி கொஞ்ச நேரம் புல்லின்மேல் கிடந்தது. அப்புறம் புல் மட்டும். அடுத்து வந்தவன் அதை மிதித்துக்கொண்டு ஓடினான்.

அறையில் யாரோ ஒரு தட்டை மேசைமேல் வைத்த சத்தம். இரண்டு பேர் வந்து கிழவியைத் தோளைப் பிடித்து எழுப்பி, அலறக்கூடத் தோன்றாமல் விழித்தவளை, மரியாதையாக நடத்தி வெளியே கூட்டிப்போனார்கள்.

எழுந்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. மகளைக் கூப்பிட்டு, தலைவலி, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வேண்டும். ஆனால் விருந்தின் நடுவில் எழுந்து போவதா? வயதான கண் ஏதோ பார்த்துவிட்டதற்காக? நாற்காலிக் கையைப் பற்றினார். அதற்குள் முதலாளி அவர் முன்னால் வந்து நின்றிருந்தார். வெள்ளை வெளேரென்ற தலை, சுத்தமான கைகள். குனிந்து வணங்கி, தன் பாஷையில் மென்மையாக ஏதோ கேட்டார். அறையில் பேச்சு நின்றது. எல்லா முகமும் திரும்பியது.

மாப்பிள்ளை பக்கத்தில் வந்தார். “மாமா, உங்க குடும்பத்துல ரொம்ப நல்லா ஓடுறவங்க யாருன்னு கேக்கறார்.”

‘எதுக்கு?’ நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அந்த ஒரு சொல்.

“வழக்கம் மாமா,” மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “வீட்டுப் பெரியவங்க வாயால சொல்லணும். அது ஒரு கௌரவம்.”

இத்தனை பேர் காத்திருந்தார்கள். புரியவில்லை என்று சொன்னால் சற்றுமுன் புரிகிறது என்று சொன்னது பொய்யாகும். யாருமில்லை என்றால் குடும்பத்துக்கே இழுக்கு. கூட்டத்துக்குப் பின்னால் மகள், ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பா வழக்கம்போல ஏதாவது வெடுக்கென்று சொல்லிவிடப்போகிறாரே என்ற பயத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பயம் அவருக்குச் சுருக்கென்றது.

அவர் எழுந்து நின்றார். மைதானத்தில் பேசும் குரலில் சொன்னார்:

“என் பொண்ணு. அவளைவிட அழகா ஓடினவங்களை நான் பார்த்ததில்லை.”

மாப்பிள்ளை அதைச் சொல்லிமுடிப்பதற்குள் கைதட்டல் அறையை அடைத்தது. மகள் தட்டை எங்கோ வைத்துவிட்டு ஓடி வந்தாள். அவள் கண் தளும்பியிருந்தது.

“அப்பா, இதை நீங்க சொல்லிக் கேக்கணும்னு எத்தனை வருஷம்...”

“சரி சரி. எல்லாரும் பாக்கறாங்க.”

முதலாளியின் மனைவி அதற்குள் ஒரு சாம்பல் நிற அங்கியை மகளின் தோளில் போர்த்தி, கையைக் கோத்துக்கொண்டாள். மகளுக்குச் சிரிப்பு வந்தது. “என்னையும் ஓடச் சொல்றாங்கப்பா! ஒரே ஒரு சுற்று. குளிருக்கு நல்லாத்தான் இருக்கும். தோளைப் பாத்துக்கோங்க, இந்தத் தடவை ஏறாது.”

“இரு. வேண்டாம். நீ...”

அவள் படியிறங்கிவிட்டாள். கதவு சாத்திக்கொண்டது. அவர் போய்த் தள்ளிப்பார்த்தார். இழுத்துப்பார்த்தார். இந்தப் பக்கம் கைப்பிடியே இல்லை.

“மாப்பிள்ளை, கதவைத் திறக்கச் சொல்லுங்க.”

மாப்பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். உதடு வெளுத்திருந்தது. “என் அப்பாவைத்தான் முதல்ல கூட்டிட்டு வரச் சொன்னாங்க மாமா. அவர் வந்தா என் பேரைச் சொல்லிடுவார்.”

“என்ன சொல்றீங்க?”

“அதான் உங்களுக்கு டிக்கெட் அனுப்பினேன். நீங்க அவளைப் புகழ்ந்ததே இல்லைன்னு அவ எப்பவும் சொல்லுவா. நீங்க வேற யார் பேரையாவது சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன் மாமா. சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்.”

அவரை அறைய வாத்தியாரின் கை எழவில்லை. நேரமில்லை. கண்ணாடிக்கு ஓடினார்.

மகள் புல்தரையில் இறங்கியிருந்தாள். கிழவி தூங்கியதும் நின்றுபோனவள் புதைந்த இடத்தில் காலை வைத்தாள். மேலே பார்த்துக் கையை ஆட்டினாள். அவள் வாயிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது.

“வந்துடு!” கண்ணாடியைக் குத்தினார். “வந்துடும்மா! போதும்!” கை தானாகக் கழுத்துக்குப் போய், விசில் தொங்க வேண்டிய இடத்தைத் தடவியது. ஒன்றுமில்லை. இருந்தாலும் கேட்டிருக்காது.

“சார்.” கடைக்காரர். குரல் பஞ்சு மாதிரி இருந்தது. “உக்காருங்க. கை தட்டுங்க.”

“தெரிஞ்சும் சொல்லலையேய்யா!”

“வளையத்துல ஆள் குறைஞ்சா, இருக்கறவங்க இன்னும் வேகமா ஓடணும் சார். என் பையன் ரொம்ப நாளா ஓடுறான்.” அவர் கண் மைதானத்திலேயே இருந்தது. “தட்டுங்க. உங்க பொண்ணுக்கு உங்க கைதான். வேற யார் கையும் எடுபடாது.”

“தட்ட மாட்டேன். அவ நிக்கட்டும். நின்னா அனுப்பிடுவாங்க.”

“நின்னவளைப் பாத்தீங்களே சார்.”

கீழே மகள் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று குனிந்து தன் காலைப் பார்த்தாள். பாதம் தெரியவில்லை. கணுக்கால் தெரியவில்லை.

சிரிப்பு நின்றது. மேலே பார்த்தாள். அவரைத்தான்.

அவர் கைதட்டினார்.

அவள் கால் விடுபட்டது. ஓடினாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டினார். மற்றவர்கள் தட்டும்போது அவரும் தட்டினார். எல்லோரும் திசை மாறினார்கள். அவளும் மாறினாள். வாயருகே புகை. அடர்த்தியான, வெள்ளையான புகை. அவள் அவரைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டே ஓடினாள். ஒவ்வொரு தடவை கண்ணாடிக்குக் கீழே வரும்போதும் உதடு அசைந்தது. அப்பா. அது மட்டும் தெரிந்தது.

பின்னால் விருந்து நடந்தது. கோப்பைகள் கிணுகிணுத்தன. யாரோ மாப்பிள்ளையின் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

இருட்டிவிட்டது. கோடுகள் மட்டும் வெளுப்பு. உள்ளங்கை எரிந்தது. தட்டினார்.

புகை மெலிந்தது. நூல்போல ஆனது. அவள் உதடு அசைவது நின்றது. கண்ணாடிக்குக் கீழே வந்தாள். மேலே பார்க்கவில்லை.

தட்டினார்.

மறுபடி வந்தாள். வாயருகே புகை இல்லை. நெஞ்சு ஏறவில்லை. கடைசி வளைவில் திரும்பினாள். அவர் பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

தோள் ஏறவில்லை. கை ஆடவில்லை. பாதம் விழவேண்டிய இடத்தில் விழுந்தது. குறையென்று ஒன்றும் சொல்ல முடியாத ஓட்டம்.

வாத்தியாரின் வலது உள்ளங்கையில் தோல் பிளந்து, தட்டும்போதெல்லாம் கண்ணாடியில் சிறு சிறு சிவப்புப் புள்ளிகள் தெறித்தன. கடைக்காரர், கண்ணை மைதானத்திலிருந்து எடுக்காமலே, தன் பையிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்து அவர் மடியில் வைத்தார்.