முப்பது பேருக்கும் அரை டிக்கெட்

டாக்டர் சுகன்யா தன் பிரச்சினையைச் சொல்லி முடிப்பதற்குள் செல்லக்கண்ணு குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். அது அவருக்கு வழக்கம்தான். ஆயுசு முழுக்கக் கண்டக்டராக இருந்தவர். பஸ்ஸில் ஏறுகிறவன் முகத்தைப் பார்த்தே சில்லறை வைத்திருக்கிறானா என்று சொல்லிவிடுவேன் என்பார். பாதி நேரம் தப்பாகத்தான் போகும்.

அவருக்குப் பக்கத்தில் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தவர் உத்திராபதி, ஓய்வு பெற்ற செக்கிங் இன்ஸ்பெக்டர். வேலையில் இருந்தவரை செல்லக்கண்ணு பயந்த ஒரே ஆள். இப்போது இருவரும் பெரம்பலூரில் ஒரே தெருவாசிகள், இணைபிரியாத சிநேகிதர்கள். ஊரில் சங்கிலி தொலைந்தாலும் சண்டை முற்றினாலும் உத்திராபதியைத்தான் தேடி வருவார்கள். டாக்டரம்மாவும் அப்படித்தான் வந்திருந்தார்.

"பக்கவாதம் வந்தவங்களுக்கு வைட்டமின் டி கொடுத்தா கை கால் சீக்கிரம் தேறுமான்னு ஆராய்ச்சி பண்றேன் சார்," என்றார் சுகன்யா.

"அது வெயில்லேருந்து வர்றதுதானே? அரியலூர் பக்கம் வெயிலுக்கா பஞ்சம்?" என்றார் செல்லக்கண்ணு.

"படுக்கையில கிடக்கிறவங்களுக்கு வெயில் எங்க சார்?"

ஜெயங்கொண்டத்துக்கு அப்பால், முந்திரிக் காட்டுக்குள் இருக்கிறது கீழப்புதுக்காடு. பெரிய ஊர். அங்கே முப்பது நோயாளிகள். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பாட்டிலில் நம்பர் மட்டும்தான். யாருக்கு எது என்பது சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. சென்னையில் இருக்கும் மேற்பார்வைக் குழுவுக்கு மட்டுமே தெரியும். அந்தக் குழு முந்தின நாள் போன் செய்து, வெறும் மாத்திரைக்காரர்கள் ரத்தத்திலும் வைட்டமின் ஏறியிருக்கிறது, யாரோ மருந்தை மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டது.

"பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன் கலைச்செல்வன்தான். திங்கக்கிழமைக்குள்ள காரணம் சொல்லலேன்னா அவனை வேலையை விட்டு நிறுத்தச் சொல்றாங்க. அடுத்த மாசம் அவனுக்குக் கல்யாணம் சார். பாவமா இருக்கு."

"அவனேதான். கல்யாணச் செலவுக்கு மருந்தை வித்திருப்பான்," என்றார் செல்லக்கண்ணு.

உத்திராபதி கண்ணைத் திறந்தார். "நிஜ மருந்து சாப்பிட்டவங்களுக்கு எவ்வளவு ஏறியிருக்கு?"

"அதுதான் வேடிக்கை. நாங்க எதிர்பார்த்ததுல பாதிதான்."

"மத்தவங்களுக்கு?"

"அவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு."

உத்திராபதி தலையை ஆட்டிவிட்டு, நோயாளிகளிடமிருந்து திரும்பி வந்து டாக்டரின் ஜீப்பில் கிடந்த காலி பாட்டில்களைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்துச் செல்லக்கண்ணுவிடம் நீட்டினார். செல்லக்கண்ணுவுக்கு உடனே பசித்தது.

"பெருங்காய வாசனை! சாம்பார் ஞாபகம் வருது."

"எல்லா பாட்டில்லயும் வருதே, கவனிச்சியா?" என்றார் உத்திராபதி.

மூவரும் ஜீப்பில் கீழப்புதுக்காடு போய்ச் சேர்ந்தபோது கலைச்செல்வன் வாடிய கீரைத்தண்டாக நின்றிருந்தான். செல்லக்கண்ணு அவனைத் தனியே இழுத்துப் போனார்.

"உங்க வூட்ல பெருங்காயம் உண்டா?"

"எந்த வூட்ல சார் இல்ல?"

விசாரணை அத்தோடு முடிந்தது. ஆனால் பையன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்த செல்லக்கண்ணுவுக்கு மனசு ஒரு மாதிரியாகிவிட்டது.

முதலில் சிங்காரவேலு வீட்டுக்குப் போனார்கள். பக்கவாதத்தில் அவருக்கு இடது கை விழுந்துவிட்டது. அவர் மனைவி முத்தாயி. ஊரில் எந்தக் கல்யாணமானாலும் சமையல் சாமானுக்குப் பொறுப்பும் பந்தி விசாரிப்பதும் அந்த அம்மாள்தான் என்று கலைச்செல்வன் சொன்னான்.

முத்தாயி தட்டில் முறுக்கு கொண்டுவந்தாள். "சாப்பிடுங்க. மேலப்புதுக்காட்டுலேருந்து மவ கொடுத்தனுப்புச்சு."

ஆளுக்கு இரண்டு வைத்ததும் தட்டில் ஒன்று மிஞ்சியது. செல்லக்கண்ணு அதன் மேல் கண் வைத்தார். முத்தாயி அதை எடுத்து நான்காக உடைத்து, நான்கு பேருக்கும் ஒவ்வொரு துண்டாக வைத்தாள். உத்திராபதி தன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டரம்மா, எல்லாரையும் சமுதாயக்கூடத்துக்கு வரச் சொல்லுங்க," என்றார்.

நடக்க முடிந்தவர்கள் நடந்தும், முடியாதவர்கள் மகன் தோளைப் பிடித்தும் வந்து சேர்ந்தார்கள். உத்திராபதி எழுந்து நின்றார்.

"மருந்து மாறிப்போச்சுன்னு இந்தத் தம்பிக்கு வேலை போகப் போவுது. ஆனா இவன் மாத்தல. இவன் பாட்டிலை மாத்திக் கொடுத்திருந்தா, மருந்து இவருக்குப் போறதுக்குப் பதிலா அவருக்குப் போயிருக்கும். ஒருத்தருக்கு முழு டிக்கெட், இன்னொருத்தருக்கு டிக்கெட்டே இல்ல. வித்திருந்தா யாருக்குமே ஏறியிருக்காது. ஆனா இங்க முப்பது பேரும் அரை டிக்கெட்டுல போயிருக்கீங்க. எல்லா மாத்திரையையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்து பிரிச்சாத்தான் அப்படி வரும். அதைக் கொட்டின பாத்திரம் பெருங்காயம் இருந்த பாத்திரம். முப்பது பேர் மாத்திரையும் புடிக்கிற பெருங்காய டப்பா கல்யாணச் சமையல் சாமான்லதான் இருக்கும். மிஞ்சின முறுக்கைக்கூட நாலாப் பிரிக்கிறவங்க கையிலதான் அந்தச் சாமானும் இருக்கு."

எல்லோரும் முத்தாயியைப் பார்த்தார்கள். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"ஆமா, நான்தான் கலந்தேன். தம்பி பாட்டிலைக் கொடுத்துட்டுப் போன அன்னைக்குச் சாயங்காலமே எல்லார் பாட்டிலையும் வாங்கி டப்பாவுல கொட்டிக் குலுக்கித் திருப்பிப் போட்டுருவேன். எண்ணிக்கை குறையாது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குச் சும்மான்னு இந்த டாக்டர் புள்ளயே வாய்விட்டுச் சொல்லுச்சு. ஒரே பந்தியில உட்கார்ந்தவங்களுக்கு, ஒரு இலையில பருப்பும் நெய்யும், பக்கத்து இலையில வெறும் சோறுமா? என் கண் எதிர்ல அது நடக்குமா?"

கூட்டம் 'அதானே' என்றது. செல்லக்கண்ணுவும் தன்னை மறந்து 'அதானே' என்றுவிட்டார்.

சுகன்யாவுக்கு அழுகை வந்துவிட்டது. "தனித்தனியாச் சாப்பிட்டாத்தாம்மா மருந்து வேலை செய்யுதான்னு தெரியும். தெரியலேன்னா, உங்க வூட்டுக்காரர் கையைத் தூக்க வைக்க எதைக் கொடுக்கிறதுன்னே எனக்குத் தெரியாமப் போயிடும்."

முத்தாயி புருஷனின் மடியில் கிடந்த கையைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. "எனக்கு அது தெரியாதும்மா. தம்பி மேல பழி வரும்னும் தெரியாது. என்னை மன்னிச்சுருய்யா," என்று கலைச்செல்வன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா ஒரே ஊருக்குள்ள ரெண்டு விதமா எங்களால சாப்பிட முடியாது."

சுகன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "அப்ப ஊருக்கு ஊர் பிரிச்சிட்டா? கீழப்புதுக்காடு முழுக்க ஒரே மாத்திரை. பக்கத்துல மேலப்புதுக்காட்டையும் சேர்த்து, அங்க முழுக்க இன்னொண்ணு. எந்த ஊருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது."

"அது சரி. ஊருக்குள்ள எல்லாருக்கும் ஒண்ணு போல இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க," என்றாள் முத்தாயி. கூட்டமும் ஒத்துக்கொண்டது. சுகன்யா அங்கிருந்தே சென்னைக்குப் போன் போட்டுப் பேசினார். கலைச்செல்வனின் வேலை பிழைத்தது. அவன் தன் முதல் கல்யாணப் பத்திரிகையைச் செல்லக்கண்ணு கையில் கொடுத்தபோது அவருக்கு வெட்கமாகிவிட்டது.

கலைச்செல்வனையும் ஏற்றிக்கொண்டு மேலப்புதுக்காட்டுக்குக் கிளம்பிய ஜீப் முத்தாயி வீட்டைத் தாண்டியது. அவள் பெரிய பெருங்காய டப்பாவைப் பளபளவென்று கழுவி, வாசலில் வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். செல்லக்கண்ணுவுக்குச் சட்டென்று மேலப்புதுக்காட்டிலிருந்து மகள் கொடுத்தனுப்பிய முறுக்கு ஞாபகம் வந்தது.

"தம்பி, முத்தாயி மவளைக் கட்டிக் கொடுத்த வூட்ல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

"ஆமா சார். அந்தப் பொண்ணோட மாமனாருக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்துச்சு," என்றான் கலைச்செல்வன்.

செல்லக்கண்ணு வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியான ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்.

"டாக்டரம்மா, வண்டியைத் திருப்புங்க! மேலப்புதுக்காடு வேணாம். சம்பந்தி இல்லாத ஊராப் பாருங்க!"