ஏழாவது பையின் முடிச்சு

டோல்கேட் விளக்கு நேராக முகத்தில் அடித்தபோதும் சீதாராமன் கண்ணைச் சிமிட்டவில்லை.

பின்சீட்டில் தெர்மோகோல் பெட்டியை ஒரு கையால் அணைத்தபடி உட்கார்ந்திருந்த அலமு அதைக் காரின் உள்கண்ணாடியில் பார்த்தாள். கண்ணாடியில் கணவரின் கண்கள் மட்டும் தெரிந்தன. இரண்டு வருடத்துக்கு முன் முகவாதம் வந்து குணமானதிலிருந்து அவர் இமைப்பதே தனி விதம். வலது இமை முதலில் மூடும். இடது இமை, மறந்துபோய் ஞாபகம் வந்ததுபோல, ஒரு நொடி கழித்து மூடும். "அப்பா எல்லாரையும் பார்த்து ரெண்டு தடவை கண்ணடிக்கறார்" என்று மகள் அக்ஷதா கேலி செய்வாள்.

இன்னொன்றும் இன்று நடக்கவில்லை. எந்த டோல்கேட்டிலும் ஜன்னலை இறக்கி, அங்கே நிற்பவரிடம் "பாகுன்னாரா அன்னா" என்று தெலுங்கில் நலம் கேட்காமல் அவர் போனதில்லை. ரயில்வே பட்டறையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். வேலை செய்கிற மனிதனிடம் ஒரு வார்த்தை பேசாமல் போவதை அவர் பாவமென்றே நினைப்பவர். இன்று கார் நின்றது, தடுப்பு உயர்ந்தது, கார் நகர்ந்தது.

உப்பலில் உள்ள வீட்டிலிருந்து நாலு மணிக்கு, வெயில் தணிந்ததும், கிளம்பினார்கள். விஜயவாடாவில் அக்ஷதாவின் புது வீட்டில் மீன்தொட்டி நிரப்பித் தயாராக இருந்தது. அதற்காக ஆறு தங்கமீன்களைக் காலையில் குகட்பள்ளியில் அப்துல் ரஹீமின் கடையில் வாங்கினார்கள். ரஹீம் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் விட்டு, ஆக்சிஜன் நிரப்பி, ரப்பர் பேண்டால் முறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

"நேத்துலேர்ந்து தீனி போடல சார். பட்டினியாப் போனாத்தான் தண்ணி கெடாது. வழியில வெளிச்சம் காட்டாதீங்க. என்ன ஆனாலும் முடிச்ச மட்டும் அவிழ்க்காதீங்க."

கடை மூலையில் ஒரு கண்ணாடிச் சாடிக்குள் தனியாகக் கிடந்தது கறுப்பு மீன் ஒன்று. முட்டைக் கண்கள் முன்னால் துருத்திக்கொண்டு ஆளையே பார்த்தன.

"அதுக்கு ஏன் தனி வீடு?" என்று கேட்டார் சீதாராமன்.

"அது யாருக்கும் நக்கோ சார், வேண்டாம்னுட்டாங்க. ரெண்டு வீட்டுக்குப் போயி திரும்பி வந்துடிச்சு."

"கைக்கு?" என்று ரஹீமின் பேச்சிலேயே ஏனென்று கேட்டார் சீதாராமன்.

"சொல்ல மாட்டேன்றாங்க. ரெண்டு தடவையும் வீட்டுக்காரம்மா தனியா வந்து வெச்சுட்டுப் போனாங்க."

"யாருக்கும் வேண்டாம்னா பாவம். நம்மளோட வரட்டும்" என்றார் சீதாராமன். அப்போது அலமுவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இந்த மனசுக்காகத்தானே முப்பது வருடமாக அவள் தினமும் விளக்கேற்றி நன்றி சொல்கிறாள்.

சவுட்டுப்பல் தாண்டி, பொழுது சாய்கிற நேரத்தில், டீக்கடை ஓரமாக நிறுத்திப் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஆறும் நன்றாக இருந்தன. ஏழாவது பையில் இருந்த கறுப்பு மீன் மட்டும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூடியது.

"மூச்சு முட்டறது அலமு."

"அவிழ்க்கப்படாதுன்னு சொன்னாரேன்னா."

"ஒரு நிமிஷம். நம்ம மூச்சுல கொஞ்சம் குடுத்தா நாம என்ன குறைஞ்சா போயிடுவோம்?"

முடிச்சை அவிழ்த்து, பையின் வாயில் உதடு பதித்து ஊதினார். வெகு நேரம் ஊதினார். ஒரு மனிதனின் நெஞ்சில் அவ்வளவு மூச்சு இருக்குமா என்று தோன்றுகிற அளவுக்கு. "போறும், அது பலூன் இல்லே" என்று அவள்தான் சிரித்தாள். முடிச்சைப் போட்டுவிட்டு அவர் வண்டியில் ஏறினார். அதற்குப் பிறகு பேசவில்லை.

இப்போது வெளியே முழு இருட்டு. ஏசி பாதத்தை மரக்கடித்தது. பாசி பிடித்த குளத்தின் வாடை வந்தபோது ஏதோ ஒரு பை ஒழுகுகிறது என்று நினைத்து, அலமு பெட்டியின் அடியை, மூலைகளை, சீட்டின் உறையைத் தடவிப் பார்த்தாள். எல்லாம் உலர்ந்திருந்தன. வாடை முன்சீட்டிலிருந்து வந்தது. கூடவே ஒரு சத்தம். ஈர உதடுகள் ஒட்டிப் பிரிகிற சத்தம். நின்றது. மறுபடி வந்தது.

"ஏன்னா, அசதியா இருந்தா ஓரமா நிறுத்துங்கோளேன்."

ஸ்டியரிங்கைப் பிடித்த கையிலிருந்து முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

"பசிக்கறது" என்றது முன்சீட்டு.

அவர் குரல்தான். "நீ சாப்டியா" என்று முதலில் கேட்காமல் ஒருநாளும் பசி என்று சொல்லாதவரின் குரல்.

"நேத்துலேர்ந்து பசிக்கறது, அலமு."

அவள் பெட்டியின் மூடியை நகர்த்தினாள். எதிரே வந்த லாரியின் வெளிச்சம் உள்ளே புகுந்தது. ஆறு பைகள் விறைப்பாக இருந்தன. ஆறு மீன்களும் ஓட்டுநர் சீட்டுக்கு எதிர்ப்புறமாக ஒதுங்கி, பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஏழாவது பை தளர்ந்திருந்தது. அதில் இருந்த கறுப்பு மீன் ஒதுங்கவில்லை. நேராக அவளைப் பார்த்தது.

மீனுக்கு இமை கிடையாது.

வலது கண் மூடியது.

ஒரு நொடி.

இடது கண்.

அலமு அந்தப் பையை இரண்டு கையாலும் ஏந்தி மடியில் வைத்து, புடவைத் தலைப்பால் மூடி இருட்டாக்கினாள். விஜயவாடாவுக்கு இன்னும் நூற்று அறுபது கிலோமீட்டர். உள்ளங்கையில் பை மெல்ல மெல்லத் தளர்ந்தது. அவள் விரல்கள் தாமாகவே முடிச்சுக்குப் போயின. மூச்சு கொடுத்தால்? கொடுத்தால் யார் எங்கே போவார்கள்? விரல்களை இழுத்துக்கொண்டாள். முருகா என்றாள். உதடு மட்டும்தான் அசைந்தது.

தலைப்புக்குள்ளே ஒரு சின்ன வாய் பிளாஸ்டிக்கின் வழியாக அவள் உள்ளங்கையைத் தொட்டது. விட்டது. தொட்டது.

"இங்கதான் இருக்கேன்னா" என்று மடியைப் பார்த்துச் சொன்னாள்.

நிமிர்ந்தாள். கார் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் இமைக்காத இரண்டு கண்கள். அவை சாலையைப் பார்க்கவில்லை.