நீலச் சுவரில் நான்கு விரல்கள்

சாப்பிடப் போகுமுன் அவள் அழித்துவிட்டுப் போன கை, திரும்பி வந்து பார்த்தபோது மறுபடியும் படத்திலிருந்த சிறுமியின் தோளில் இருந்தது.

முழுக் கை இல்லை. நான்கு விரல்கள் மட்டும். ஒன்றில், மோதிரம் கழற்றிய இடத்தில் வெளிறிய தடம்.

அவள் பயப்படவில்லை. சேவ் பண்ண மறந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். ஸ்டூடியோவின் உள்ளறையில், நிறம் பிசகாமல் தெரிவதற்காகச் சாம்பல் வண்ணம் அடித்த நான்கு சுவர்களுக்குள், பட்டப்பகலிலும் கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, சூடேறிய பிளாஸ்டிக் வாடையையும் கம்ப்யூட்டர் விசிறியின் ரீங்காரத்தையும் சகித்துக்கொண்டு ஆறு வருடங்களாக ஆட்களை அழித்துக்கொண்டிருக்கிறாள். பிரிந்துபோன மாப்பிள்ளை, முறைத்துக்கொண்ட சம்பந்தி, தாலி கட்டும் நேரத்தில் கொட்டாவி விட்ட மாமா. முதலில் மனசு உறுத்தியது. இப்போது மவுஸ் பிடித்த விரல்களைப் போல அதுவும் மரத்துவிட்டது.

இந்தப் படத்தைக் காலையில் கொண்டுவந்தவர் உட்காரக்கூட இல்லை. படத்தில், இதே ஸ்டூடியோவின் முன்னறை நீலச் சுவருக்கு முன்னால், அவர், அவர் மகள், மகளின் தோளைப் பிடித்தபடி அவர் மனைவி. மனைவியை எடுத்துவிட வேண்டுமாம்.

"செத்து மூணு மாசமாச்சு. இன்னும் பொண்ணை விடமாட்டேங்கறா" என்றார்.

ஸ்டூடியோக்கார அண்ணன் சிரித்துக்கொண்டே, "விட வெச்சிருவோம் சார், நம்ம தங்கச்சி கை வெச்சா ஒட்டடைகூட மிஞ்சாது" என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டார்.

மறுபடியும் அழித்தாள். இந்த வேலையில் எதையும் சும்மா அழிக்க முடியாது. பக்கத்தில் வெறுமையாக இருக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் எடுத்து, வேண்டாததன் மேல் போட்டு மூட வேண்டும். விரல்களின் மேல் நீலச் சுவரைப் போட்டாள். கண் சிமிட்டுவதற்குள் விரல்கள் வந்தன. மறுபடி போட்டாள். வந்தன. எடுத்து எடுத்து, பின்னாலிருந்த சுவரே தீர்ந்து, ஒரே கறை நாலு இடத்தில் தெரிய ஆரம்பித்தது.

அதே நீலச் சுவருக்கு முன்னால் போன வாரம் எடுத்த அவள் மகள் குட்டியின் படம், பள்ளி அடையாள அட்டைக்காகத் திறந்தே கிடந்தது. குட்டியின் தோளுக்கு மேலிருந்து கொஞ்சம் நீலத்தை எடுத்து இங்கே போட்டாள்.

விரல்கள் போயின. காத்திருந்தாள். வரவில்லை. சேவ் செய்து அனுப்பிவிட்டு மூடினாள்.

குட்டியின் படத்தை மூடப் போனபோதுதான் பார்த்தாள். குட்டியின் தோளில் நான்கு விரல்கள். வெளிறிய தடம்.

கதவு திறந்தது. பள்ளிவிட்டு வந்த குட்டி பையைக் கீழே போட்டாள்.

"தோள் மரத்துப்போச்சும்மா. பை மாட்டினதே தெரியல."

சீருடைத் துணி அந்தத் தோளில் நான்கு இடத்தில் அமுங்கியிருந்தது. அவள் தன் கையை அங்கே வைத்தாள். உள்ளங்கைக்குக் கீழே துணி இல்லை. சில்லென்று, நீள நீளமாக வேறு ஏதோ. நகரவில்லை.

"யாராவது உன்னைத் தொட்டாங்களா?"

"நீதானே பஸ் ஸ்டாப்லேருந்து பிடிச்சுக்கிட்டே வந்தே. ஒரு வார்த்தை பேசாம."

அவள் நாற்காலியில் அமர்ந்தாள். கத்த வேண்டும்போல இருந்தது. திரைப் பக்கம் திரும்பினாள். வேறு ஏதாவது படத்திலிருந்து நீலத்தை எடுத்தால் விரல்கள் அங்கே போய்விடும். கம்ப்யூட்டர் முழுக்க அந்தச் சுவருக்கு முன்னால் எடுத்த படங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை. யார் வீட்டுப் பிள்ளையின் தோளில் கொண்டுபோய் வைப்பது? குழந்தை இல்லாத படம் ஒன்றுதான் இருந்தது. நீலச் சுவருக்கு முன்னால் அவள் தனியாக நிற்கும், அவளுடைய படம்.

அதிலிருந்து எடுத்தாள். குட்டியின் தோளில் போட்டாள். ஒவ்வொன்றாக விரல்கள் போயின.

"இப்ப சரியாயிடுச்சு" என்று குட்டி தோளைக் குலுக்கினாள்.

அவள் கை மவுஸின் மேல் இருந்தது. பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. தன் படத்தைப் பார்த்தாள். அவள் கழுத்தருகே நான்கு விரல்கள். பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கை. அவள் கன்னத்தில் ஒரு துண்டு நீலம். வாயில் ஒரு துண்டு. வலி இல்லை. ஒன்றுமே இல்லை.

திரை அணைந்தது.

கறுத்த கண்ணாடியில் அறை தெரிந்தது. குட்டி தெரிந்தாள். குட்டிக்குப் பின்னால் ஒருத்தி.

"போலாமாம்மா?" என்றாள் குட்டி. நாற்காலியைப் பார்த்து அல்ல.

பின்னால் நின்றவள் தலையசைத்தாள். வெளிறிய தடமுள்ள கை குட்டியின் தோளில் இறங்கியது. குட்டி அந்தக் கையில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள். கதவு மூடிக்கொண்டது.

கண்ணாடியில் நாற்காலி இருந்தது. அவள் அமர்ந்திருந்த இடத்தில், தலை, தோள், மடி என்று ஓர் ஆளின் அளவுக்கு, நீலச் சுவர்.