பாதிக் கட்டில்

திருவல்லிக்கேணியில் மேன்ஷன் நடத்துகிறவன் எவனும் காரணமில்லாமல் வாடகையைக் குறைக்க மாட்டான். சித்தார்த்தனுக்கு இது தெரியாது. பெரிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு, பழைய துறைமுக ஊர்களைக் குறைந்த செலவில் சுற்றக் கிளம்பிய பையன். நாகப்பட்டினம், தரங்கம்பாடி, புதுச்சேரி முடித்துவிட்டு, எல்லாம் அன்ரிசர்வ்டு பெட்டியிலேயே, ஒரு சித்திரை மாத சாயங்காலம் சென்னையில் வந்து இறங்கினான். திருச்சியில் அவன் அம்மா ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தாள்.

மேன்ஷன் மேனேஜர் நூர் முஹம்மது வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். அப்படிச் சிரிக்கிறவனைக் கண்டால் பையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இவனோ பையை இறக்கி வைத்தான்.

"பாதிக் கட்டில் கீது நைனா. இந்த ரேட்டுக்கு மெட்ராஸ்ல எங்கயும் கெடைக்காது."

"பாதிக் கட்டில்னா என்ன பாய்?"

"ராத்திரிக்கு நீ, பகலுக்கு இன்னொருத்தரு. தணிகாசலம்னு பேரு, வயசானவரு. ஹார்பர்ல மூட்டை தூக்குற வேலை, நைட் ஷிப்டு. நீ எந்திரிச்சுப் போனா அவர் வந்து படுப்பாரு. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்க வேணாம்."

மேன்ஷன்களில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஒரு கட்டிலை இரண்டு பேர் முறை வைத்துப் படுத்து வயிற்றைக் கழுவிய ஊர் இது.

"போறப்ப தலகாணியத் திருப்பிப் போட்டுடு. ஒரு பக்கம் உன்னுது, ஒரு பக்கம் அவருது. அப்பறம், பொழுது சாயாம ரூமுக்கு வராத. ஒழைச்சிட்டுத் தூங்குற மனுசன், பாவம்."

மாடியின் கடைசி அறை. ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கை நீட்டினால் தொடலாம். ஒரு இரும்புக் கட்டில், சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தது. மெத்தையின் நடுவில் ஆள் படுத்த பள்ளம். சித்தார்த்தன் உட்கார்ந்தான்.

மெத்தை சுட்டது.

இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டான். துருவும் உப்புத்தண்ணீரும் பீடியும் கலந்த நாற்றம். செலவைக் குறைக்க வந்தவன் மூக்கைப் பார்த்தால் முடியுமா? படுத்துத் தூங்கிவிட்டான்.

பகலெல்லாம் சுற்றினான். கோட்டை, சாந்தோம் கடற்கரை, மயிலாப்பூர்க் குளம், அடையாறு கடலில் கலக்கிற இடம். இருட்டத் தொடங்கியதும் திரும்புவான். மெத்தை சூடாக இருக்கும். தலையணை திருப்பிப் போட்டிருக்கும். ஆனால் ஒரு நாள்கூட மாடிப்படியில் அந்த மனிதர் எதிரே வரவில்லை.

அப்புறம் ஒரு நாள் வெயிலும் கடைச் சாப்பாடும் சேர்ந்து அவனைக் கவிழ்த்தன. மெரினாவில் வாந்தி எடுத்தான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. நட்ட நடு மத்தியானம், தள்ளாடிக்கொண்டே மேன்ஷனுக்கு வந்து சேர்ந்தான். எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். நூர் முஹம்மது தொழுகைக்குப் போயிருந்தார். அறைச் சாவி ஆணியில் தொங்கியது.

சாவி இங்கே இருக்கிறதென்றால் பெரியவர் இன்றைக்கு வரவில்லை. அப்படித்தான் நினைத்தான். பூட்டைத் திறந்தான். அறை காலி. கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு விழுந்தான்.

மெத்தை சுட்டது. யோசிக்கத் தெம்பில்லை.

எவ்வளவு நேரம் போனதோ. காதருகே கரகரத்த குரல், மெதுவாக.

"கொஞ்சம் தள்ளு நைனா."

அன்ரிசர்வ்டு பெட்டியிலேயே கிடந்து பழகியவன். யாராவது தள்ளச் சொன்னால் கண்ணைத் திறக்காமலேயே தள்ளிப் படுப்பான். அந்தப் பழக்கத்தில் சுவரோரம் நகர்ந்தான்.

"படுங்க" என்றும் முனகினான்.

கட்டில் கிறீச்சிட்டது. ஒரு பக்கம் தாழ்ந்தது. ரொம்ப நாள் நின்றுகொண்டே இருந்தவர் விடுகிற மாதிரி ஒரு பெருமூச்சு. அவன் முதுகில் ஈரமாக ஏதோ ஒட்டியது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

தாழ்ப்பாளைப் போட்டவன் அவன்.

கண்ணைத் திறந்தான். எதிரே சுவர். முதுகுக்குப் பின்னால் மூச்சு, நிதானமாக. இறங்கவேண்டுமானால் அதைத் தாண்டித்தான் இறங்கவேண்டும்.

மெல்லத் திரும்பிப் பார்த்தான்.

யாருமில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. தலையணையில் மட்டும் ஒரு தலை அளவுக்குக் குழி.

அந்தக் குழி அவன் பக்கமாகத் திரும்பியது.

கால்மாட்டு வழியாக எப்படித் தாவினான், பையை எப்படி எடுத்தான் என்று அவனுக்கே நினைவில்லை. கீழே வாசலில் நூர் முஹம்மது செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு நின்றுபோனது.

"பகல்ல படுத்தியா?"

"பாய், மேல... யாரோ..."

"தள்ளச் சொன்னாரா?" குரலைத் தாழ்த்தினார். "எடம் குடுத்தியா?"

"தூக்கத்துல... தள்ளிப் படுத்துட்டேன்."

நூர் முஹம்மது மாடிக்கு ஓடினார். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது.

"கட்டில் ஆறிப்போச்சு" என்றார். "அவர் செத்ததுலேர்ந்து ஒருநாளும் ஆறல. பகல்ல படுத்தவனெல்லாம் அலறிக்கினு ஓடுவான். எடம் குடுத்தவன் நீ ஒருத்தன்தான்."

"அப்போ அவர் எங்க பாய்?"

நூர் முஹம்மது இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். "போயிடு தம்பி. இந்தப் பக்கம் திரும்பி வராத." கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினார். பையனுக்காக வருத்தப்பட்ட முகமாகத் தெரியவில்லை. பாரம் இறங்கிய முகம்.

கல்கத்தா வரை போக இருந்தவன் நேரே எழும்பூருக்கு ஓடினான். "அம்மா, வீட்டுக்கு வந்துடுறேன். பாயப் போட்டு வை" என்று போனில் சொன்னான். பாதிக் காய்ச்சலில் திருச்சி வண்டியில் ஏறினான். பெட்டியில் நெருக்கியடிக்கிற கூட்டம். ஜன்னலோர இடம் அவனுக்கு எப்படியோ கிடைத்தது. நின்றவர்கள் வாசல் வரை நின்றார்கள். அவனுக்குப் பக்கத்தில் மட்டும் யாரும் வந்து உட்காரவில்லை. வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்று கண்ணை மூடினான்.

தாம்பரம் தாண்டியதும் ஒரு அம்மா அவன் முழங்காலைத் தட்டினாள். இடுப்பில் குழந்தை, கையில் கூடை.

"தம்பி, அந்தப் பெரியவர எழுப்பி கொஞ்சம் தள்ளிக்கச் சொல்லேன். நானும் ஏறுனதுலேர்ந்து பார்க்கிறேன், உன் தோள் மேலயே சாஞ்சு தூங்கிக்கினு கீறாரு."