கண்ணாடிக்குழாய் ரகசியம்

மழைக்கு ஒதுங்குகிறவன் நேராக அவளுடைய அறிவியல் கூடத்துக்குள்தான் ஒதுங்க வேண்டுமா? வந்தவன் சும்மாவாவது நின்றானா... மேஜையிலிருந்த கண்ணாடிக்குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அதைக் கீழ வைங்க. உடைஞ்சா யார் பதில் சொல்றது?”

“உடைஞ்சா ஒட்டிக் குடுத்துடுறேன் டீச்சர்.”

சொன்ன கையோடு உடைத்தும் விட்டான், பாவி. பையிலிருந்து எண்ணெய் நிறைந்த ஒரு கண்ணாடிச் சாடியை எடுத்து, துண்டுகளை அதில் போட்டு, இரண்டு விரலை உள்ளே விட்டு முழுக்குழாயை வெளியே இழுத்தான். நனைந்த இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள் சிரித்தன... அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. பள்ளியில் நிகழ்ச்சி நடத்த வந்த மேஜிக்காரன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் வந்தான். விடையை முதலில் சொல்லாதீர்கள், பிள்ளைகள் கொஞ்சம் வாயைப் பிளக்கட்டும் என்பான். அப்படியே செய்தாள், கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்கள்கூடக் கையைத் தூக்கினார்கள். காந்தமும் கண்ணாடியும் பற்றி அவள் சொல்லிக்கொடுத்ததை வைத்து அவன் புதுப்புது வித்தைகள் கட்டினான். சண்டைக்கும் குறைவில்லை. சனிக்கிழமை வராதா என்று அவள் ஏங்க ஆரம்பித்திருந்தாள்.

ஒரு மாலை அவனாகவே குழாய் ரகசியத்தைச் சொன்னான். முழுக்குழாய் முன்பே எண்ணெய்க்குள் இருக்கிறது. அந்த எண்ணெயில் அந்தக் கண்ணாடி கண்ணுக்குத் தெரியாது. அதற்கான கலவையைக் கண்டுபிடிக்க வருஷக்கணக்கில் அலைந்தானாம். பெற்ற அப்பாவிடம்கூடச் சொன்னதில்லையாம். சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தான்... எதற்கோ காத்திருப்பதுபோல.

அவளோ, “அட, ஒளிவிலகல்” என்று துள்ளினாள். திங்கட்கிழமையே படம் போட்டு வகுப்பில் நடத்தியும் விட்டாள். நல்லதைத் தெரிந்துகொண்டால் நாலு பேருக்குச் சொல்லாமல் எந்த வாத்தியாரால் இருக்க முடியும்?

ஆண்டுவிழா மேடையில் அவன் துண்டுகளைச் சாடிக்குள் போட்டதுதான் தாமதம். “முழுக்குழாய் உள்ளயே இருக்கு” என்று அரங்கம் முழுக்கப் பிள்ளைகள் கோரஸ் பாடினார்கள். பெற்றோர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நம் பிள்ளைகளாயிற்றே என்று அவள் பூரித்துப்போய்க் கைதட்டினாள். மேடையிலிருந்து அவன் பார்த்தது அந்தக் கைதட்டலைத்தான்.

சனிக்கிழமைகள் காலியாகப் போயின. அறிவு என்ன அவன் வீட்டுச் சொத்தா, வந்தால் வரட்டும் என்று வீம்பாக இருந்து பார்த்தாள். முடியவில்லை. வீம்பை விழுங்கிவிட்டு அவன் வீட்டுக்கே போனாள். கூடத்தில் பாதி கட்டிய பெட்டிகள். வேறு ஊரில் வேலை, கண்ணாடிக் கடையில் கணக்குப் பார்ப்பது என்றான்.

“நான் அதைப் பாடம்னு நெனச்சிட்டேன்...”

“யாருக்குமே சொல்லாததை உங்ககிட்ட சொன்னேன். எனக்கு வேற எப்படிச் சொல்லத் தெரியும்?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்று அவன் சொன்னது ஒளியைப் பற்றியே இல்லை. அவளும் சொல்லிவிட்டாள்.

“எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.”

அவன் குனிந்து ஒரு பெட்டியின் கயிற்றை முடிச்சுப் போட்டான்.

“நம்புறேன் டீச்சர். ஆனா இனிமே உங்ககிட்ட எதையும் சொல்ல எனக்குப் பயமா இருக்கு.”

வாசல்வரை வந்து வழியனுப்பினான். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.