சாமைக் குதிர்

சாயங்காலம் கை வைத்தபோது சாமைக் குதிர் சூடாக இருந்தது. ஐப்பசி மழையில் சுவரெல்லாம் ஓதம் ஏறி, போர்வைகூடச் சில்லிட்டுக் கிடந்த வீட்டில், சாமை தானியம் கொட்டிவைத்து ஆள் உயரத்துக்கு நின்ற அந்த மண் குதிர் மட்டும் காய்ச்சல்காரன் முதுகைப்போலக் கொதித்தது. லட்சுமணக் கிழவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

அவன் பெண்டாட்டி வடிவுக்கு நெஞ்சில் சீக்கு. எந்த மாத்திரைக்கும் மசியாத கிருமி என்று பெரிய ஆஸ்பத்திரியில் கைவிரித்து, கடைசியாக நானோ மருந்து என்று ஒன்றை எழுதியிருந்தார்கள். நர்ஸ் கலைவாணி ஆலங்காயத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து, மருந்தை ஊற்றி, ஆவி மெஷினைப் போட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

"தூசியவிடப் பொடிசு தாத்தா. கிருமி எங்க ஒளிஞ்சாலும் தானா தேடிப் போய்ப் புடிச்சிடும்."

"தானா தேடுமா? அப்ப அதுக்கு உசுரு கீதா?"

"உங்களாண்ட பேசி ஜெயிக்க முடியுமா? மொதல்ல மாஸ்க்க மாட்டி வுடுங்க."

உசுருள்ள ஒன்றைப் பெண்டாட்டி நெஞ்சுக்குள் விட அவன் என்ன மடையனா? மாஸ்க்கைக் குதிரின் மேல்வாய்க்குள் தொங்கவிட்டு, சாக்கைப் போட்டு மூடிவிடுவான். மெஷின் சத்தம் வெளியே கேட்கும், புகை தெரியாது. தினமும் இதே வேலை. காய்ச்சல் மயக்கத்தில் கிடந்த வடிவுக்கு எதுவும் தெரியாது.

இன்று காலையிலிருந்து அவளுக்கு இருமலே இல்லை. "பாத்தியா, மருந்தில்லாமலே ஆய்ப்போச்சு" என்று அவளிடம் பீற்றிக்கொண்டுகூட இருந்தான்.

இப்போது குதிருக்குள் ஏதோ அரவம் கேட்டது. எலி என்று நினைத்தான். சாமை மெல்ல மேலெழும்பி, மறுபடி சரியும் சத்தம். நடுவில் ஒரு கரகரப்பு. மாசக்கணக்கில் பக்கத்தில் படுத்துக் கேட்ட கரகரப்பு.

குதிர் இருமியது.

வடிவின் இருமல்.

பாயில் அவள் கண் திறந்திருந்தது. மார்பில் காதை வைத்தான். ஒன்றுமில்லை. மூக்கருகே விரலை வைத்தான். காற்றில்லை. கண் மட்டும் அவனையே பார்த்தது. உதடு அசைந்தது.

குரல் அவன் முதுகுக்குப் பின்னால், தினமும் மருந்து குடித்த குதிருக்குள்ளிருந்து வந்தது.

"என்ன எதுக்கு மாமா இங்க கொண்டாந்து போட்ட?"

திரும்பினான். தானியம் எடுக்க அடியில் விட்டிருந்த துளையைத் துணியால் அடைத்திருந்தான். அந்தத் துணி உள்ளே இழுபட்டது. வெளியே உப்பியது, மூச்சு விடுவதுபோல. ஓரத்தில் சாமை உதிர்ந்தது. உதிர உதிர வடிவின் கண் மங்கியது.

பாய்ந்து இரண்டு கையாலும் பொத்தினான்.

வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. "தாத்தா, கதவத் தொறங்க. மருந்து ஊத்தணும்."

அவன் துளையை இன்னும் அழுத்திப் பொத்தினான்.

உள்ளங்கைக்கு அடியில், துணிக்கு அந்தப் பக்கம், ஈரமாக, சூடாக, ஒரு வாய் திறந்தது.